கல்ச்சரில் வளராத காய்ச்சல்

காய்ச்சல் ஒரு வாரத்தைத் தாண்டிவிட்டது. டெங்கு இல்லை, மலேரியா இல்லை. ரத்தம் எடுத்து, அதில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சருக்கு அனுப்பியாயிற்று. ஐந்து நாள் கழித்து ரிப்போர்ட் வருகிறது: வளர்ச்சி எதுவும் இல்லை. ரத்தத்தில் கிருமி இல்லையாமே என்று வீட்டில் எல்லோருக்கும் ஒரு நிம்மதி. அந்த நிம்மதிக்கு ஆதாரம் கிடையாது. கல்ச்சர் பாட்டிலில் இருப்பது சோயா, பால்புரதம் போன்றவற்றைச் செரிக்கவைத்து எடுத்த சத்துநீர். டைபாய்டு கிருமி அதில் வளரும், சீழ்க் கிருமிகள் வளரும். உயிருள்ள செல்லுக்குள் இருந்தால்தான் பெருக முடியும் என்றிருக்கும் பாக்டீரியா, ஐந்து நாள் என்ன, ஐந்து மாதம் வைத்தாலும் அதில் வளராது. அந்த ரிப்போர்ட் சொல்வது ஒன்றுதான்: இந்தத் தண்ணீரில் வளரக்கூடிய கிருமி எதுவும் சிக்கவில்லை.

செல்லுக்குள் மட்டுமே வாழும் பாக்டீரியாக்கள் ஒரு தனிக் கூட்டம். டைபஸ் வகைக் காய்ச்சல்களைக் கொண்டுவரும் ரிக்கெட்சியா, அதன் நெருங்கிய உறவான ஓரியென்சியா, கண்ணைக் குருடாக்கும் டிரக்கோமாவுக்குக் காரணமான கிளமிடியா, உண்ணி வழியாகப் பரவும் எர்லிக்கியா, அனாபிளாஸ்மா எல்லாம் இதில் சேரும். தொழுநோய்க் கிருமியும் இந்தக் கூட்டம்தான். அதை ஹான்சன் 1873இல் நார்வேயில் கண்டுபிடித்தார். இன்றுவரை ஒரு தட்டில் அதை வளர்த்தவர் இல்லை. 1960இல் ஷெப்பர்ட் சுண்டெலியின் பாதத்தில் வளர்த்துக் காட்டினார். பிறகு, உடல்சூடு குறைவான ஆர்மடில்லோ என்ற விலங்கில் நன்றாக வளர்வது தெரிந்தது. ஒரு தொழுநோய்க் கிருமி இரண்டாவதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகிறது. சாதாரணக் குடல் பாக்டீரியாவுக்கு இருபது நிமிடம் போதும்.

இவற்றை வைரஸோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. செல்லுக்கு வெளியே பெருக முடியாது என்பது மட்டுமே இரண்டுக்கும் பொது. இவை முழு பாக்டீரியாக்கள். சொந்தமாக டி.என்.ஏ. உண்டு, புரதம் செய்ய ரைபோசோம் உண்டு, இரண்டாகப் பிளந்து பெருகும். அதனால்தான் இவற்றைக் கொல்ல ஆன்டிபயாடிக் இருக்கிறது. எந்த ஆன்டிபயாடிக் என்பதில்தான் உயிர் போவதும் பிழைப்பதும் இருக்கிறது. அதற்குப் பிறகு வருவோம்.

ஏன் வெளியே வாழ முடிவதில்லை? விடை அவற்றின் மரபுத்தொகுதியில் கிடக்கிறது. குடலில் வாழும் ஈ.கோலைக்கு நாலாயிரத்துச் சொச்சம் ஜீன்கள். பேன் வழி டைபஸைக் கொண்டுவரும் ரிக்கெட்சியா புரோவாசெக்கியின் மரபுத்தொகுதியை 1998இல் முழுவதும் படித்தபோது, புரதத்துக்கான ஜீன்கள் 834தான் இருந்தன. சர்க்கரையை உடைத்து ஆற்றல் எடுக்கும் கிளைகாலிசிஸ் பாதை அதில் இல்லை. அமினோ அமிலங்கள் பலவற்றைச் சொந்தமாகச் செய்துகொள்ளத் தெரியாது. பதிலுக்கு அதன் சவ்வில் ஒரு கடத்திப் புரதம் இருக்கிறது. நம் செல்லில் ஆற்றலைச் சுமக்கும் மூலக்கூறான ATPயை உள்ளே இழுத்துக்கொண்டு, ஆற்றல் தீர்ந்த ADPயை வெளியே தள்ளும் புரதம் அது. சமைத்த சோறு தினமும் வாசலுக்கு வரும் வீட்டில் அடுப்பு எதற்கு? தலைமுறை தலைமுறையாகப் பயன்படாத ஜீன்கள் சிதைந்து உதிர்ந்துபோயின. தொழுநோய்க் கிருமியில் அந்தச் சிதைவை இன்றும் பார்க்கலாம். அதில் வேலை செய்யும் ஜீன்கள் சுமார் 1,600, செத்துக் கிடக்கும் ஜீன்கள் சுமார் 1,100. இழந்ததை மீட்க வழியில்லை என்பதால், செல்லை விட்டு வெளியே போகவும் வழியில்லை.

'செல்லுக்குள் மட்டும்' என்ற முத்திரையை எப்போதும் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள முடியாது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஆடு மாடுகளிடமிருந்து வரும் கியூ காய்ச்சலின் கிருமியான காக்சியெல்லாவையும் பல பத்தாண்டுகள் இந்தப் பட்டியலில்தான் வைத்திருந்தார்கள். 2009இல் அமிலத்தன்மை கூடிய ஒரு வளர்ப்பு ஊடகத்தைச் செய்து, ஆக்சிஜனை 2.5 சதவீதத்துக்குக் குறைத்து, செல்லே இல்லாமல் அதை வளர்த்துவிட்டார்கள். அது நம் செல்லுக்குள் குடியிருக்கும் பையின் சூழலை அப்படியே வெளியே செய்து கொடுத்ததுதான் அந்த வெற்றி. ரிக்கெட்சியாவுக்கும் ஓரியென்சியாவுக்கும் இதுவரை அப்படி ஒரு வழி கைகூடவில்லை.

தமிழ்நாட்டில் இந்தக் கூட்டத்திலிருந்து ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் ஆஸ்பத்திரிகளை நிரப்புவது ஓரியென்சியா சுட்சுகாமுசி. அது தரும் நோய் ஸ்க்ரப் டைபஸ். இந்தக் கட்டுரையின் மீதி முழுவதும் அதைப் பற்றித்தான், ஏனென்றால் நேரத்தில் கண்டுபிடித்தால் சில ரூபாய் மாத்திரையில் தீர்கிற இந்தக் காய்ச்சலில் இன்னமும் ஆட்கள் சாகிறார்கள்.

முதல் சிக்கல் பெயரிலேயே தொடங்குகிறது. டைபஸ் வேறு, டைபாய்டு வேறு. டைபாய்டு சாப்பாட்டிலும் தண்ணீரிலும் வரும் சால்மொனெல்லா. டைபஸ் பேன், தெள்ளுப்பூச்சி, சிற்றுண்ணி போன்றவற்றால் வருவது. காதில் ஒரே மாதிரி விழுவதால் 'டைபாய்டுன்னு சொன்னாங்க' என்று வீட்டில் சொல்வதும், விடால் டெஸ்ட் லேசாகப் பாசிட்டிவ் என்று டைபாய்டு ஊசி போடுவதும் வாடிக்கை. இரண்டாவது சிக்கல் தமிழ்ப் பெயரில். செய்தித்தாள்களில் 'உண்ணிக் காய்ச்சல்' என்று எழுதுகிறார்கள். இலங்கையிலும் அதே பெயர்தான். யாழ்ப்பாணத்திலும் இந்நோய் உண்டு. உண்ணி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது நாய் காதிலும் மாட்டு மடியிலும் பருத்துத் தொங்கும் உண்ணி. நாய் வளர்க்காத வீட்டார் 'எங்க வீட்டுல உண்ணியே கிடையாதே' என்பார்கள். இந்த நோயைக் கொண்டுவருவது அந்த உண்ணி அல்ல.

கொண்டுவருவது சிக்கர் என்று அழைக்கப்படும் ஒரு சிற்றுண்ணிக் குஞ்சு. நம் பக்கத்தில் பெரும்பாலும் லெப்டோட்ராம்பிடியம் டெலியன்ஸ் என்ற இனம். முட்டையிலிருந்து வந்த குஞ்சுக்கு ஆறு கால், கால் மில்லிமீட்டர் நீளம் இருந்தால் அதிகம், ஆரஞ்சு கலந்த நிறம். வெறுங்கண்ணுக்கு ஒரு தூசிப் புள்ளி. வாழ்நாளில் இந்தக் குஞ்சுப் பருவத்தில் ஒரே ஒருமுறைதான் அது முதுகெலும்புள்ள உயிர்களைக் கடிக்கிறது. வளர்ந்து எட்டுக் கால் வந்தபின் மண்ணில் கிடந்து பூச்சி முட்டைகளைத் தின்று வாழும்; யாரையும் கடிக்காது. எலியும் பெருச்சாளியும் மூஞ்சூறும் அதற்கு வழக்கமான விருந்து. மனிதன் குறுக்கே வந்து மாட்டிக்கொள்கிறவன்.

சிக்கர் ரத்தம் குடிப்பதில்லை. மெல்லிய தோலில் வாயைப் பதித்து எச்சிலைச் செலுத்துகிறது. எச்சில் பட்ட திசு கரைந்து கூழாகிறது. அதைச் சுற்றித் தோலே ஒரு கெட்டிக் குழாயாக இறுகிக்கொள்ள, அதன் வழியே உறிஞ்சுகிறது. இரண்டு மூன்று நாள் அப்படியே ஒட்டிக்கிடக்கும். வலிக்காது, பெரும்பாலும் அரிப்பும் இருக்காது. அந்த எச்சிலோடுதான் ஓரியென்சியா உள்ளே போகிறது. சிக்கருக்கு இந்தக் கிருமி எலியிடமிருந்து வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் தாயிடமிருந்தே வந்தது. தாய்ச் சிற்றுண்ணியின் முட்டைக்குள்ளேயே கிருமி இறங்கிவிடுகிறது. ஆக, நோயைப் பரப்புவதும் சிற்றுண்ணி, கிருமியைத் தலைமுறைகளாகப் பாதுகாத்து வைத்திருப்பதும் அதே சிற்றுண்ணி. எலி அவற்றுக்குத் தீனி போட்டு எண்ணிக்கையைக் கூட்டுகிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், எலி மருந்து வைப்பது பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

நோயின் பெயர் ஜப்பானிலிருந்து வந்தது. நீகாத்தாவின் சினானோ போன்ற ஆறுகளில் வெள்ளம் வடிந்த நிலத்தில் இறங்கி வேலை செய்த உழவர்கள் காய்ச்சலில் விழுந்தார்கள். சுட்சுகா என்றால் கேடு, முசி என்றால் பூச்சி. இரண்டாம் உலகப் போரில் அசாம், பர்மாக் காடுகளில் இரு தரப்புப் படைகளையும் இது சாய்த்தது. அப்போது மருந்து கிடையாது. 1948இல் ஜோசப் ஸ்மேடல் குழு கோலாலம்பூரில் குளோராம்பெனிகால் என்ற ஆன்டிபயாடிக்கைக் கொடுத்துப் பார்த்தபோதுதான் இந்தக் காய்ச்சல் மருந்துக்கு அடங்கும் என்று உறுதியாயிற்று. ஆசியாவின் ஒரு முக்கோணத்துக்குள் மட்டும் இருக்கும் நோய் என்று நெடுங்காலம் எழுதிவைத்திருந்தார்கள். 2006இல் சிலி நாட்டின் சிலோயே தீவிலும், அதே காலத்தில் துபாயிலும் நோயாளிகள் தென்பட, முக்கோணம் உடைந்தது.

தமிழ்நாட்டில் ஆகஸ்டு, செப்டம்பரில் தலைகாட்டி, வடகிழக்குப் பருவமழைக்குப் பின் மார்கழி, தை வரை கூடி, கோடையில் அடங்குகிறது. வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலைப் பக்கம் அதிகம் பேசப்படுகிறது என்றாலும் எந்த மாவட்டமும் விலக்கல்ல. பெயரில் ஸ்க்ரப், அதாவது புதர்க்காடு, என்று இருப்பதால் அடர்ந்த காட்டுக்குப் போனால்தான் வரும் என்று நினைக்க வேண்டாம். வரப்பு ஓரப் புல், கரம்பு நிலம், வீட்டுக்குப் பின்னால் மண்டிய செடி, மனை வாங்கிச் சும்மா போட்டுவைத்த காலியிடம் எல்லாம் போதும். ஆடு மேய்ப்பவர், சுள்ளி பொறுக்குபவர், புல் அறுப்பவர், ஏரிக்கரையில் நூறு நாள் வேலைக்குப் போய்ப் புதர் வெட்டுபவர், புதர் மறைவில் ஒதுங்குபவர், வெறுந்தரையில் உட்கார்ந்து கால் நீட்டுபவர் எல்லோரும் சிக்கரின் வழியில்தான் இருக்கிறார்கள். புறநகரில் வீட்டு வாசலில் விளையாடும் குழந்தைகளும்.

கடித்து ஆறு நாள் முதல் மூன்று வாரத்துக்குள், பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு நாளில், காய்ச்சல் தொடங்குகிறது. தலையைப் பிளக்கும் வலி, உடம்பு வலி, கண் சிவப்பு, வறட்டு இருமல், சிலருக்கு வாந்தி, வயிற்று வலி. இதில் எதையும் வைத்து மற்றக் காய்ச்சல்களிலிருந்து பிரிக்க முடியாது. பிரித்துக் காட்டக்கூடியது ஒன்று உண்டு. கடித்த இடத்தில் வரும் கரும்பொருக்கு. டாக்டர்கள் எஸ்கார் என்பார்கள்.

அதைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். முதலில் ஒரு சின்னச் சிவந்த பரு. பிறகு நடுவில் நீர் கோத்து, உடைந்து, நடுப்பகுதி செத்துக் கறுத்துப் பொருக்குத் தட்டுகிறது. அரை செ.மீ. முதல் இரண்டு செ.மீ. வரை வட்டமாகவோ நீள்வட்டமாகவோ இருக்கும். நடுவில் கறுப்பு, சுற்றிலும் சிவந்த வளையம், பீடி நெருப்பால் சுட்ட மாதிரி. அருகிலேயே நெறி கட்டியிருக்கும். அக்குள் மடிப்பு, தொடை இடுக்கு போன்ற ஈரமான இடத்தில் வந்தால் கறுப்பு இருக்காது; பொருக்கு ஊறிப்போய் மஞ்சள் அடித்தளத்தோடு ஒரு சின்னப் பள்ளமாக மட்டும் தெரியும். கறுப்பைத் தேடுகிறவர் கண்ணில் அது படாமல் போகும்.

முக்கியமான விஷயம், அது வலிக்காது. அதனால் நோயாளிக்கே தெரியாது. 'எங்கயாச்சும் புண்ணு இருக்காம்மா?' என்று கேட்டால் 'அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க டாக்டர்' என்றுதான் பதில் வரும். கேட்டால் போதாது, பார்க்க வேண்டும். சிக்கர் தோலில் ஏறி, துணி இறுகும் இடத்திலோ மடிப்பிலோ தடுக்கி நின்று கடிக்கிறது. ஆகவே தேட வேண்டிய இடங்கள் ஏறக்குறைய முன்கூட்டியே தெரிந்தவை: உள்பாவாடை நாடா, ஜட்டி எலாஸ்டிக், அரைஞாண் கயிறு பதியும் இடுப்பு, மார்பகத்தின் கீழ்மடிப்பு, பிராப் பட்டைக்கு அடியில், இரு அக்குளும், தொப்புள் குழி, தொடை இடுக்கு, விதைப்பை, ஆண்குறி, பிட்டப் பிளவு, முழங்காலுக்குப் பின்புறம், காதுக்குப் பின்னால், முடிக்குள், கழுத்து. பெண்களுக்கு மார்பு, வயிற்றுப் பக்கமும் ஆண்களுக்குத் தொடை இடுக்கு, பிறப்புறுப்புப் பக்கமும் கூடுதல். குழந்தைக்குத் தலைமுடியை வகிர்ந்து பார்க்காமல் விடக் கூடாது. நல்ல வெளிச்சம், திரை, தேவையானால் உடன் ஒரு பெண் செவிலியர், மூன்று நான்கு நிமிடம். இவ்வளவுதான் செலவு. நெரிசலான புறநோயாளிப் பிரிவில் அந்த மூன்று நிமிடம் கிடைப்பதில்லை, வெட்கம் வேறு. வீட்டில் கணவனோ அம்மாவோ அக்காவோ பார்த்துவிட்டு வந்து 'இந்த இடத்தில் ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கிறது' என்று டாக்டரிடம் காட்டினால் பாதி வேலை முடிந்தது. மழைக்காலக் காய்ச்சலில் அந்தப் பொருக்கு இருந்தால், லேப் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் மருந்து தொடங்கலாம். பொருக்கு இல்லை என்றால் நோய் இல்லை என்று அர்த்தமல்ல. நம் ஊர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குத்தான் அது கிடைக்கிறது.

தோலிலிருந்து கிருமி ரத்தத்துக்கு வந்ததும் ரத்தக் குழாய்களின் உள்சுவர் செல்களிலும் சில வெள்ளணுக்களிலும் குடியேறுகிறது. செல் தானே அதை ஒரு பைக்குள் விழுங்குகிறது. பைக்குள் அமிலம் ஏறிச் செரித்துவிடுவதற்குள் ஓரியென்சியா பையை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். பிறகு செல்லின் உள்ளே போக்குவரத்துக்கு என்று இருக்கும் நுண்குழல் தடங்களைப் பிடித்து உட்கருவுக்கு அருகே போய்ச் சேர்ந்து அங்கே பெருகுகிறது. இரண்டாக ஒன்பது முதல் பதினெட்டு மணி நேரம் பிடிக்கும். கிளம்பும்போது செல்லின் சவ்விலேயே ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு மொட்டுவிட்டு வெளியேறுகிறது. பாக்டீரியாக்களில் இது அபூர்வம். வைரஸ்கள் செய்யும் வேலை.

குழாயின் உள்சுவர் கெட்டால் என்ன ஆகும்? கசியும். நுரையீரலில் கசிந்தால் மூச்சுத்திணறல், மூளையுறையில் கசிந்தால் குழப்பம், வலிப்பு, நினைவிழப்பு. சிறுநீரகம், கல்லீரல், இதயத் தசை எதையும் விட்டுவைக்காது. கர்ப்பிணிகளுக்குக் கரு கலைவதும் நடக்கிறது. மருந்தே கொடுக்காத நோயாளிகளில் நூற்றுக்கு ஆறு பேர் அளவில் இறப்பு என்பது பழைய பதிவுகளைத் தொகுத்துச் சொல்லும் நடுமதிப்பு. ஊருக்கு ஊர் அது மிகவும் மாறுபடும். தீவிரச் சிகிச்சைப் பிரிவு வரை போய்விட்டால் கணக்கு வேறு. இரண்டாவது வாரத்தில் வந்து சேர்பவர்களுக்குத்தான் பெரும்பாலும் இந்தச் சிக்கல்கள்.

இங்கே நம் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். காய்ச்சல், சோர்வு என்றதும் 'ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திவிடுங்க' என்று கேட்பது. குழாய்கள் கசிந்துகொண்டிருக்கும்போது அளவில்லாமல் ஏற்றும் தண்ணீர் ரத்தத்தில் நிற்காமல் நுரையீரலில் இறங்கும். ரத்த அழுத்தம் சரிந்து அதிர்ச்சி நிலையில் இருப்பவருக்குத் திரவம் தேவை. ஆனால் அளந்து, மூச்சு எண்ணிக்கையையும் ஆக்சிஜன் அளவையும் பார்த்துப் பார்த்துக் கொடுக்க வேண்டியது அது.

டெங்குவும் இதே மாதங்களில் வருவதால் குழப்பம் சகஜம். இரண்டிலும் தட்டணுக்கள் குறையும். டெங்குவில் வெள்ளணுக்கள் குறைவது வழக்கம். ஸ்க்ரப் டைபஸில் சரியாகவோ கூடியோ இருக்கும். டெங்குக் காய்ச்சல் ஐந்தாறு நாளில் இறங்கிவிடும், ஆபத்து இறங்கும்போது வருகிறது. இது இறங்காமல் இரண்டாவது வாரத்துக்குள் நுழையும். கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. அளவுகள் இரு நோய்களிலும் ஏறும் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது. காய்ச்சலும் லேசான மஞ்சளும் தட்டணுக் குறைவும் சேர்ந்திருந்தால் எலிக்காய்ச்சலையும் நினைவில் வைக்க வேண்டும். நல்லவேளையாக, ஸ்க்ரப் டைபஸுக்குக் கொடுக்கும் டாக்சிசைக்ளின் மருந்து அதற்கும் கேட்கும்.

டெஸ்ட்டுகள். கிருமியை வளர்க்கவேண்டும் என்றால் உயிருள்ள செல் அடுக்கு வேண்டும், வாரக்கணக்கில் நேரம் வேண்டும், உயர்பாதுகாப்பு லேப் வேண்டும். இந்தக் குடும்பத்துக் கிருமிகளைக் கையாள்வது விளையாட்டல்ல. ஹோவர்ட் ரிக்கெட்ஸ் 1910இல் மெக்சிகோவில் டைபஸை ஆராயப்போய் அதிலேயே இறந்தார். புரோவாசெக் 1915இல் அதே நோயில் இறந்தார். ரோஷா லிமா 1916இல் அந்த நோயின் கிருமிக்குப் பெயர் வைத்தபோது இருவர் பெயரையும் சேர்த்தே வைத்தார். ஆக, ஆஸ்பத்திரிகளில் பெரும்பாலும் கிருமியைத் தேடுவதில்லை, அதற்கு எதிராக உடம்பு செய்த எதிர்ப்பொருளைத் தேடுகிறார்கள்.

இன்று பரவலாக நம்பக்கூடியது, ஐ.ஜி.எம். என்ற வகை எதிர்ப்பொருளைத் தேடும் எலிசா டெஸ்ட். இரண்டு மூன்று மில்லி ரத்தம், சில மணி நேர வேலை. ஆனால் எதிர்ப்பொருள் தேறி வர ஐந்தாறு நாளாவது ஆகும். மூன்றாம் நாள் எடுத்து நெகட்டிவ் வந்தால் அதை இறுதித் தீர்ப்பாக எடுக்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் சில நாள் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். எதிர்ப்பக்கமும் ஒரு பொறி உண்டு. நோய் மாறிய பிறகும் ஐ.ஜி.எம். மாதக்கணக்கில் ரத்தத்தில் தங்கும். இந்நோய் நிறைய இருக்கும் கிராமத்தில் பழைய தொற்றின் மிச்சம் இன்றைய காய்ச்சலுக்குக் காரணம் போலத் தெரியும். முதல் சில நாளில் உதவுவது, கிருமியின் டி.என்.ஏ.வையே தேடும் பி.சி.ஆர். அதற்கு ரத்தம் எடுப்பதானால் ரத்தத்தை உறையவிடாத ஈ.டி.டி.ஏ. குழாயில், ஆன்டிபயாடிக் தொடங்குவதற்கு முன். அதைவிட மேலானது அந்தப் பொருக்கே. சுத்தமான இடுக்கியால் பொருக்கை மெல்லக் கிளப்பி, கிருமிநீக்கம் செய்த காலிப் புட்டியில் போட்டு அனுப்பினால் ஓரியென்சியாவின் டி.என்.ஏ. ரத்தத்தில் கிடைப்பதைவிட அதில் எளிதாகக் கிடைக்கும். ஃபார்மலினில் போட்டுவிடக் கூடாது, டி.என்.ஏ. சேதமாகிவிடும்.

பழைய வெயில்-ஃபீலிக்ஸ் டெஸ்ட் இன்னும் பல சிறிய லேப்களில் இருக்கிறது. 1916இல் வந்தது. புரோட்டியஸ் என்ற வேறு பாக்டீரியாவின் ஓ.எக்ஸ்.கே. வகை நோயாளியின் சீரத்தோடு திரள்கிறதா என்று பார்ப்பது. ஸ்க்ரப் டைபஸ் இருப்பவர்களில் பாதிக்கு மேல் அதில் தப்பிவிடக்கூடும். பாசிட்டிவ் என்றால் கவனிக்கலாம். நெகட்டிவை நம்பி மருந்தை நிறுத்துவது தவறு.

இப்போது மருந்து. பெரிய ஆஸ்பத்திரிகளில் காரணம் தெரியாத காய்ச்சலுக்கு முதலில் ஏறுவது செஃப்ட்ரியாக்சோன். டைபாய்டுக்கும் நிமோனியாவுக்கும் நல்ல மருந்து. அது கொல்வது, பாக்டீரியா தன் செல்சுவரான பெப்டிடோகிளைகானைக் கட்டும் வேலையைத் தடுத்து. ஓரியென்சியாவில் அந்தச் சுவர் மிக மெலிந்தது, ஆகவே பென்சிலின் குடும்பமும் செஃப் குடும்பமும் அதைத் தொடுவதில்லை. எவ்வளவு விலையுயர்ந்த மெரோபெனம் ஏற்றினாலும் இதே கதைதான். ஜென்டாமைசின், அமிக்காசின் செல்லுக்குள் நுழைவதே சிரமம். சிப்ரோஃப்ளாக்சசின் செல்லுக்குள் போகும். ஆனால் அது பிடிக்கவேண்டிய புரதத்தில் ஓரியென்சியாவுக்கு இயல்பிலேயே ஒரு மாற்றம் இருக்கிறது, பிடி நழுவுகிறது. ஒரு வாரம் 'பெரிய' ஆன்டிபயாடிக் ஏறியும் காய்ச்சல் இறங்கவில்லை என்றால் கிருமிக்கு எதிர்ப்புச்சக்தி வந்துவிட்டது என்று முடிவுகட்டி இன்னும் பெரிய ஊசிக்குப் போகிறார்கள். மருந்தே முகவரி மாறிப் போயிருக்கிறது என்பதை யோசிப்பதில்லை.

முகவரி தெரிந்த மருந்து டாக்சிசைக்ளின். நம் செல்லின் சவ்வையும் கடந்து, கிருமியின் சவ்வையும் கடந்து, அதன் ரைபோசோமில் உட்கார்ந்து புரத உற்பத்தியை நிறுத்துகிறது. பெரியவர்களுக்கு 100 மி.கி. காலையும் இரவும், ஏழு நாள். பெரும்பாலோருக்கு 48 மணி நேரத்துக்குள் காய்ச்சல் இறங்கிவிடும். அவ்வளவு நம்பகமான இறக்கம் அது. மூன்றாம் நாளும் இறங்கவில்லை என்றால் நோயறிதலையே மறுபரிசீலனை செய்ய வேண்டும், அல்லது கூடவே இன்னொரு தொற்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இறங்கிவிட்டது என்று இரண்டே நாளில் மாத்திரையை நிறுத்தினால் காய்ச்சல் திரும்பி வரக்கூடும். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் 500 மி.கி. தினம் ஒரு வேளை, ஐந்து நாள். குழந்தைகளுக்குப் பல்லில் கறை விழும் என்று டாக்சிசைக்ளினைத் தவிர்ப்பது பழைய டெட்ராசைக்ளின் காலத்துப் பயம். சில நாள் டாக்சிசைக்ளின் அப்படிச் செய்வதில்லை என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எடைக்கேற்ற அளவை டாக்டர்தான் எழுத வேண்டும்.

மாத்திரை போடும் முறையிலும் கோளாறு நடக்கும். வாயில் போட்டு ஒரு மிடறு தண்ணீரோடு படுத்துவிட்டால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். பிறகு எச்சில் விழுங்கவே நெஞ்சு எரியும். உட்கார்ந்து, ஒரு முழு டம்ளர் தண்ணீர் குடித்து, அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும். வயிற்றைப் புரட்டினால் இட்லியோ கஞ்சியோ சாப்பிட்டுவிட்டுப் போடலாம். பாலோடு வேண்டாம். இரும்பு, கால்சியம் மாத்திரை, அசிடிட்டிக்குக் குடிக்கும் ஜெலுசில் வகை இவற்றை இரண்டு மூன்று மணி நேரம் தள்ளிப் போட வேண்டும். அவை டாக்சிசைக்ளினைப் பிடித்துக்கொண்டு குடலில் உறிஞ்சவிடாமல் செய்துவிடும். இந்த மாத்திரை சாப்பிடும் நாட்களில் உச்சிவெயிலில் தோல் எளிதில் கருகும்.

மூச்சுத்திணறல், அதிர்ச்சி, மூளைக்கோளாறு என்று முற்றிய நிலையில் வருபவர்களுக்கு எது நல்லது என்பதற்கு நெடுநாள் தெளிவான விடை இல்லை. விடையின் முக்கியமான பகுதி வேலூரிலிருந்து வந்தது. அங்குள்ள சி.எம்.சி. மருத்துவமனையின் ஜார்ஜ் எம். வர்கீஸ் தலைமையில் இந்தியாவின் ஏழு மையங்களில் 794 நோயாளிகளிடம் நடந்த பரிசோதனை 2023இல் வெளியானது. ஒரு பிரிவுக்கு டாக்சிசைக்ளின் ஊசி, ஒரு பிரிவுக்கு அசித்ரோமைசின் ஊசி, மூன்றாவது பிரிவுக்கு இரண்டும் சேர்த்து, ஏழு நாள். இறப்பு, ஏழாம் நாளும் தீராத சிக்கல், ஐந்தாம் நாளும் இறங்காத காய்ச்சல் ஆகியவற்றை ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டபோது தனித்தனி மருந்தில் 47, 48 சதவீதமும், சேர்த்துக் கொடுத்ததில் 33 சதவீதமும் வந்தது. இறப்பில் மட்டும் எடுத்துப் பார்த்தால் பிரிவுகளுக்குள் பெரிய வேறுபாடு இல்லை. அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்: சிக்கல்கள் சீக்கிரம் தீர்கின்றன, ஆனால் தாமதமாக வந்து சேர்ந்ததை எந்தக் கூட்டு மருந்தும் ஈடுகட்டுவதில்லை.

தாமதத்தின் விலையைக் கோரக்பூர் பார்த்திருக்கிறது. கிழக்கு உத்தரப் பிரதேசத்தில் ஆண்டுதோறும் மழைக்காலத்தில் குழந்தைகள் மூளைக்காய்ச்சலில் கொத்துக்கொத்தாக இறந்தார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசி வந்தபிறகும் சாவு நிற்கவில்லை. 2010களின் நடுவில் ஆய்வாளர்கள் தேடியபோது, அந்தக் குழந்தைகளில் பெரும்பகுதியினருக்கு ஸ்க்ரப் டைபஸ் இருந்தது தெரியவந்தது. அதற்குப் பிறகுதான் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே காய்ச்சலோடு வரும் குழந்தைக்கு டாக்சிசைக்ளினோ அசித்ரோமைசினோ தொடங்கச் சொன்னார்கள். கல்ச்சரில் வளராத கிருமி எத்தனை ஆண்டு வேறொரு நோயின் பெயரில் ஒளிந்திருக்க முடியும் என்பதற்கு இதைவிடக் கொடுமையான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

தடுக்கும் வழிகள் எளிமையானவை, தினமும் செய்ய வேண்டியவை என்பதே சிரமம். வயலுக்கும் புதருக்கும் போனால் முழுக்கைச் சட்டை, காலை மூடும் துணி, ஷூ. சட்டையையும் துண்டையும் புல்லிலோ செடிமேலோ கழற்றிப் போடாமல் இருப்பது. உட்காரச் சாக்கோ பாயோ விரிப்பது. வீட்டுக்கு வந்ததும் துணியைக் கழற்றி நேரே வெந்நீரில் ஊறப் போட்டு, நாரால் சோப்புத் தேய்த்துக் குளிப்பது. ஒட்டிக்கொண்டிருக்கும் சிக்கர் தேய்ப்பில் போய்விடும். இரவுவரை தள்ளிப்போட்டால் பயன் குறையும். தோலுக்கு டீட் என்ற பூச்சிவிரட்டி உள்ள களிம்பு, துணிக்குப் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி. வீட்டைச் சுற்றிப் புல்லையும் புதரையும் ஒட்ட வெட்டி வெயில் மண்ணில் விழும்படி வைப்பது.

எலி ஒழிப்பில் வரிசை முக்கியம். புதர் மண்டிய இடத்தில் சிற்றுண்ணியைக் கவனிக்காமல் எலியை மட்டும் கொன்றால், விருந்தாளியை இழந்த சிக்கர்கள் அடுத்துக் கிடைக்கும் உடம்பைத் தேடும். முதலில் புதரை வெட்டி, தேவையான இடத்தில் சிற்றுண்ணி மருந்து தெளித்து, அதன் பிறகு எலி மருந்து.

தடுப்பூசி இல்லை. ஓரியென்சியாவின் மேற்புறத்தில் இருக்கும் 56 கிலோடால்டன் புரதம் வகைக்கு வகை மாறுகிறது. கார்ப், கிலியம், கேட்டோ என்று பழைய பெயர்கள் உண்டு. இன்று கணக்கிட்டால் வகைகள் ஏராளம். அதன் மரபுத்தொகுதியில் பாதியை நெருங்கும் அளவுக்குத் திரும்பத் திரும்ப வரும் துண்டுகள் கிடக்கின்றன. அவை இடம்மாறி இடம்மாறிப் புது வரிசைகளை உண்டாக்குகின்றன. ஒரு வகைக்கு எதிராக உடம்பு பெற்ற பாதுகாப்பு அதே வகைக்குச் சில ஆண்டுகளும் வேறு வகைக்குச் சில மாதங்களும்தான் நிற்கிறது. அதனால் சென்ற ஆண்டு இந்தக் காய்ச்சல் வந்து பிழைத்தவருக்கு இந்த ஆண்டு மார்கழியில் மறுபடி காய்ச்சல் அடித்தால், 'அதுதான் ஏற்கெனவே வந்துபோச்சே' என்று விட்டுவிடாமல் காதுக்குப் பின்னாலிருந்து மறுபடி தேடத் தொடங்க வேண்டும்.